சேலை கட்டிய இயந்திரமும் அடிக்காத மணியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கடுவயில் என்றோர் ஊர். அங்குள்ள கே.டி.சி.டி. மேல்நிலைப் பள்ளியில் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐரிஸ் என்ற புதிய ஆசிரியை அறிமுகமானார். சேலை உடுத்தியிருந்தார். கால்களுக்குப் பதிலாகச் சக்கரங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்டால் குரலில் பதில் சொன்னார். ‘மேக்கர்லேப்ஸ்’ என்ற நிறுவனத்துடன் சேர்ந்து பள்ளி கொண்டுவந்த, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் மனித உருவ இயந்திரம் அது. அதன் படங்கள் நாடெங்கும் பரவின.

அந்தப் படத்தில் ஒரு புதிர் இருக்கிறது. கேள்விக்குப் பதில் தருவது உள்ளே ஓடும் மென்பொருள். சேலை அதற்கு எந்த வகையிலும் உதவாது. அதே பதில்களை ஒரு சின்ன ஒலிபெருக்கியும் தந்துவிடும். இருந்தும், மேசைமேல் வைத்த ஒலிபெருக்கியை யாரும் ஆசிரியை என்று அழைத்திருக்க மாட்டார்கள். சேலை பேசுவது இயந்திரத்தோடு அல்ல, எதிரே நிற்கும் பிள்ளையோடு. ‘இதனிடம் எப்படிப் பழகுவது என்று உனக்கு ஏற்கெனவே தெரியும், உன் டீச்சரிடம் பழகுவது போலப் பழகு’ என்று அது சொல்லிவிடுகிறது. முன்பின் பார்த்திராத ஒன்றைப் பிள்ளைகள் ஒரு நொடியில் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு நொடியில் அவர்கள் எவற்றையெல்லாம் சேர்த்து நம்பத் தொடங்குகிறார்கள் என்பதுதான் அறிவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் கேள்வி.

சேலை செய்யும் வேலைக்கு உருவகம் என்று பெயர். தமிழ் வகுப்பில் படித்த உருவக அணி பலருக்கும் நினைவிருக்கும். மதி போன்ற முகம் என்றால் உவமை. முகமே மதி என்றால் உருவகம். செய்யுளுக்கு அழகு சேர்ப்பது மட்டும்தான் உருவகத்தின் வேலை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1980இல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், மெய்யியலாளர் மார்க் ஜான்சன் என்ற இரு அமெரிக்கர்கள் அந்தக் கருத்தைப் புரட்டிப் போட்டார்கள். அன்றாடப் பேச்சே உருவகங்களால் ஆனது என்பது அவர்கள் வாதம். நேரத்தைச் செலவழிக்கிறோம், மிச்சம் பிடிக்கிறோம், வீணாக்குகிறோம். நேரம் பணமாகிவிட்டது, அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத ஒன்றைப் பிடிக்கும்போது, தெரிந்ததை ‘மூலக்களம்’ என்றும், புதியதை ‘இலக்குக்களம்’ என்றும் அழைக்கலாம். மூலக்களத்தில் உண்மையாக இருப்பவற்றை இலக்குக்களத்திலும் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. சில பொருந்தும். சில பொருந்தாது.

கணினியைப் போல இந்த வித்தையை வெளிப்படையாகப் பயன்படுத்திய துறை வேறில்லை. 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ‘ஸ்டார்’ என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, திரையை ஓர் அலுவலக மேசையாக வடிவமைத்தது. தாள், கோப்புறை, அஞ்சல் தட்டு எல்லாம் திரையில் சின்னச் சின்னப் படங்களாக இருந்தன. காகிதத்தோடு வாழ்ந்த அலுவலர்கள் பயமில்லாமல் கணினியைத் தொட அதுவே வழி. ஆனால் வட்டின் உள்ளே கோப்புறை எதுவும் இல்லை. ஒரே கோப்பின் துண்டுகள் வட்டில் அங்கங்கே சிதறிக் கிடக்கலாம்; எந்தத் துண்டு எங்கே என்று ஒரு பட்டியல் இருக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்தால் பல சமயம் பட்டியலில் உள்ள பதிவு மட்டுமே போகும், எழுதப்பட்டது அப்படியே கிடக்கும். அழித்துவிட்டதாக நம்பி விற்ற பழைய கணினியிலிருந்து அடுத்தவர் கைக்குப் படங்கள் போய்ச் சேர்வது இதனால்தான். வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பற்றி நமக்குத் தெரிந்த உண்மை அங்கே பொருந்தவில்லை.

தலைக்குள் இப்படி உருவாகும் சிறு இயங்குபடத்தை உளவியலாளர்கள் ‘மனமாதிரி’ என்கிறார்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்து ஏசியைப் பதினாறில் வைப்பவர்களிடம் அதைப் பார்க்கலாம். பதினாறில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று அவர்கள் நம்புகிறார்கள். மின்விசிறி ரெகுலேட்டரை நிறையத் திருப்பினால் வேகம் கூடும் அல்லவா, அந்த மாதிரியை ஏசிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசியில் கம்ப்ரெசர் ஓடும் அல்லது நிற்கும். எண் எதுவானாலும் குளிர்விக்கும் வேகம் ஒன்றுதான். எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே எண் சொல்கிறது. அமெரிக்க வீடுகளின் வெப்பமூட்டிகளைப் பற்றி மானுடவியலாளர் வில்லட் கெம்ப்டன் மக்களிடம் பேசி, 1986இல் இதே பிழையான மாதிரியைப் பதிவு செய்தார். கையேட்டைப் படிக்காததால் வந்த பிழை என்று அவர் இதைத் தள்ளிவிடவில்லை. தவறான மாதிரியை வைத்தும் மக்கள் ஒழுங்காகச் சிந்தித்து முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவு வீட்டின் எரிசக்திச் செலவில் தெரிகிறது என்று காட்டினார்.

உருவகம் மாறினால் சிந்தனை மாறும் என்பதை எப்படிச் சோதிப்பது? டெட்ரே ஜென்ட்னர், டொனால்ட் ஜென்ட்னர் இருவரும் 1983இல் வெளியிட்ட மின்சார ஆய்வு இன்றும் படிக்கத் தகுந்தது. மின்சுற்று பற்றி அதிகம் தெரியாத மாணவர்களிடம், கம்பிக்குள் மின்சாரம் எப்படி ஓடுவதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சிலர் நீரோட்டம் என்றார்கள். சிலர் நெருக்கியடித்து ஓடும் கூட்டம் என்றார்கள். இரு தரப்பினருக்கும் ஒரே கணக்குகள் தரப்பட்டன: இரண்டு பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் என்ன ஆகும், பக்கம்பக்கமாக இணைத்தால் என்ன ஆகும், மின்தடைகளை அதேபோல் இணைத்தால் என்ன ஆகும்?

நீர் மாதிரியில் பேட்டரிக் கேள்வி எளிது. ஒரு தொட்டியின் மேல் இன்னொன்றை வைத்தால் உயரம் கூடி அழுத்தம் கூடும். பக்கத்தில் வைத்தால் உயரம் அதேதான், அழுத்தமும் அதேதான். ஆனால் மின்தடை என்று வந்தால் அந்த மாதிரி காலை வாரிவிடும். தடை என்றால் அடைப்பு, இரண்டு அடைப்பு என்றால் ஓட்டம் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். கூட்ட மாதிரிக்காரர்களுக்கு மின்தடை ஒரு குறுகலான வாயில். பக்கத்தில் இன்னொரு வாயிலைத் திறந்தால் இரண்டின் வழியாகவும் ஆட்கள் போவார்கள், ஓட்டம் கூடும். அதுவே சரியான விடை. கூட்டமாக நினைத்தவர்கள் மின்தடைக் கணக்குகளிலும், நீராக நினைத்தவர்கள் பேட்டரிக் கணக்குகளிலும் மேலாகச் செய்தார்கள். இரண்டில் எது சிறந்த உருவகம் என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. எந்தக் கணக்குக்கு எது என்று கேட்டால் விடை உண்டு. மாதிரிகளைச் சொல்லிக்கொடுத்து இரண்டாவது முறை சோதித்தபோது நீர் மாதிரி எதிர்பார்த்த அளவு கைகொடுக்கவில்லை. நீரழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதே பலருக்குச் சரியாகத் தெரியவில்லை. மூலக்களம் தெரியாதவருக்கு உருவகம் உதவாது என்ற பாடம் அதில் கிடைத்தது.

எல்லா ஆய்வும் இப்படித் தெளிவாக அமைந்துவிடவில்லை. பால் திபோடோ, லேரா பொரோடிட்ஸ்கி இருவரும் 2011இல் செய்த சோதனையில், கற்பனை நகரம் ஒன்றின் குற்றங்களைச் சிலருக்கு ‘கொடிய விலங்கு’ என்றும், சிலருக்கு ‘வைரஸ்’ என்றும் வர்ணித்தார்கள். மற்ற வாசகங்களும் புள்ளிவிவரங்களும் ஒன்றே. விலங்கு என்று படித்தவர்கள் போலீஸ், சிறை, தண்டனை பக்கம் அதிகம் சாய்ந்தார்கள்; வைரஸ் என்று படித்தவர்கள் வறுமை, கல்வி போன்ற மூலகாரணங்களைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்றால், பெரும்பாலோர் புள்ளிவிவரத்தைக் காட்டினார்கள். இந்த முடிவு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. 2014இல் கெரார்ட் ஸ்டீன் உள்ளிட்ட நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதையே மறுபடி செய்துபார்த்தபோது அந்த விளைவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் இருவரும் கூடுதல் ஆட்களோடு சோதித்து, விளைவு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சிறியது என்றார்கள். ஒரு சொல் மனிதரை ஆட்டிப்படைத்துவிடும் என்று சொல்ல இந்தச் சான்றுகள் போதாது. உருவகம் மனத்தைச் சற்றுச் சாய்க்கிறது. பல லட்சம் பேர் ஒரே பக்கம் சற்றுச் சாய்ந்தால் ஓர் அரசின் திட்டம் மாறிவிடும் என்பதால்தான் அது பொருட்படுத்தத்தக்கது.

‘ஆசிரியை’ என்ற உருவகத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இன்றைய உரையாடும் செயலிகளின் அடிப்படையில் இருப்பது ‘மொழி மாதிரி’. மலைபோல் குவித்த எழுத்தைப் படிக்கவைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கிய மென்பொருள் அது. அந்தக் கணிப்பு வியக்கத்தக்க அளவு நன்றாக இருக்கிறது. ஆனால் சரியான விடையும் தவறான விடையும் ஒரே தொனியில், ஒரே சரளத்தில் வெளிவரக்கூடும். நல்ல ஆசிரியை தெரியாததைத் தெரியாது என்பார், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்பார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே புரியவில்லை என்று கண்டுபிடிப்பார். சேலை இந்த நம்பிக்கையையும் இயந்திரத்துக்கு மாற்றித் தந்துவிடுகிறது. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எழுதிய ‘எலைசா’ என்ற எளிய நிரல், பயனர் தட்டச்சு செய்ததைத் திருப்பிப் போட்டுக் கேள்வியாக்குவதற்கு மேல் அதிகம் எதுவும் செய்யவில்லை. மனநல மருத்துவர் என்ற வேடத்தில் அது பேசியது. வைசன்பாமின் செயலரே அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். அந்த நிரல் உருவாவதைப் பல மாதங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர் அந்தச் செயலர்.

திரைவழிக் கல்வியின் உருவகங்களை ஆராயத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்தான் 2004 செப்டம்பர் 20 அன்று எஜுசாட் என்ற, கல்விக்கென்றே செய்யப்பட்ட செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு ஜூலை 28 அன்று, ஒருகாலத்தில் தும்பாவில் பணியாற்றிய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், அந்தச் செயற்கைக்கோள்வழி இயங்கும் விக்டர்ஸ் கல்வி வலையமைப்பைத் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். அதன் முதல் வடிவம் இருவழி: மையத்திலிருந்து ஆசிரியர் பேசலாம், பள்ளியிலிருந்து பிள்ளைகள் திருப்பிக் கேட்கலாம். ஒருவழியாக ஒளிபரப்பும் தொலைக்காட்சி அலைவரிசையாகவும் பின்னர் அது வளர்ந்தது. வீடுகளைச் சென்றடைந்தது அந்த ஒருவழி வடிவமே.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று கேரளத்தின் கல்வியாண்டு அதே அலைவரிசையில் தொடங்கியது. நடத்தியது கைட் என்ற அரசு நிறுவனம். நிகழ்ச்சிக்கு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பள்ளியிலும் மணி அடிக்கவில்லை, யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஆனாலும் காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை, அரைமணி நேரப் பாடவேளைகளாக, வகுப்புவாரியாகக் கால அட்டவணை இருந்தது. கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் யூடியூப் வழியாக வந்தன. முதல் வகுப்புக்குப் பூனைக் கதை சொன்ன ஓர் ஆசிரியை, எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போலவே பேசினார். அவர் சொன்ன விதம் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது.

பள்ளி மணி என்ற உருவகம் அப்போது செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் பெற்றோருக்கு எல்லாம் புரிந்தது. இத்தனை மணிக்கு வகுப்பு, அதற்குமுன் குளித்துச் சாப்பிட்டுத் தயாராக வேண்டும். கலைந்துபோன நாளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. தொலைக்காட்சி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. செயலியும் கடவுச்சொல்லும் கேட்கிற எதையும்விட வேகமாக அது ஊரெங்கும் போய்ச் சேர்ந்தது.

அதே உருவகம் ஒன்றை மறைக்கவும் செய்தது. பள்ளி மணி அடித்தால் கட்டடத்துக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் கேட்கும். வீட்டுக்கு வரும் மணி அப்படியல்ல. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத பிள்ளைகள் சுமார் 2.61 லட்சம் பேர் என்று மாநிலத்தின் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. வகுப்புகள் தொடங்கிய அன்றே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது என்றும், வகுப்பைப் பார்க்க முடியாத வருத்தத்தில் இருந்தார் என்றும் குடும்பத்தினர் கூறினர். அதற்குப் பின் நூலகங்களும் உள்ளாட்சிகளும் தன்னார்வலர்களும் ஓடியோடித் தொலைக்காட்சிகளைத் திரட்டினார்கள். அண்டைவீட்டுப் படிப்பு மையங்கள் திறக்கப்பட்டன. சோதனை முறையில் தொடங்கிய ஒளிபரப்பு நீட்டிக்கப்பட்டுப் பாடங்கள் மறுபடி காட்டப்பட்டன. கேரளம் அந்த வாரங்களில் காட்டிய வேகம் மெச்சத்தக்கது. அந்த வேகமும் ஒரே திசையில்தான் போனது: எத்தனை வீட்டில் திரை இருக்கிறது, எத்தனை பேர் பார்த்தார்கள்?

அந்தத் திசைக்குப் பின்னால் இன்னும் பழைய உருவகம் ஒன்று இருக்கிறது. கருத்தைச் சொல்லில் பொதிந்து அனுப்புகிறோம், கேட்பவர் பிரித்து எடுத்துக்கொள்கிறார் என்றே ஆங்கிலம் பேசுவோர் பேச்சைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மைக்கேல் ரெடி 1979இல் எழுதினார். இதைக் ‘குழாய் உருவகம்’ எனலாம். நம் பேச்சிலும் அது ஊறியிருக்கிறது: பாடம் மண்டையில் ஏறவில்லை, கருத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கல்வி குழாயில் வரும் பொருள் என்றால், குழாய் எல்லா வீட்டுக்கும் போனதா என்று பார்ப்பதே முதல் வேலை. அது நியாயமான வேலைதான். போய்ச் சேர்ந்தது உள்ளே தங்கியதா என்ற கேள்விக்கு அந்த உருவகத்தில் இடம் கிடையாது.

தங்குவதைப் பற்றி நல்ல சான்றுகள் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகம் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 விழுக்காடும், எழுதியவர்கள் 71 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. குழாய் உருவகப்படி நான்கு முறை ஊற்றியவருக்குத்தான் நிறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. நினைவிலிருந்து எடுப்பதும் கற்பதுதான். இதற்கு ‘நினைவுமீட்புப் பயிற்சி’ என்று பெயர் சொல்லலாம். இணையவழி உளவியல் பாடம் ஒன்றில் சேர்ந்தவர்களின் தரவுகளை கென் கோடிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் அலசியபோது, காணொளி பார்ப்பதையோ படிப்பதையோவிடப் பயிற்சிகளைச் செய்ததற்குக் கற்றலோடு ஆறு மடங்கு வலுவான தொடர்பு தெரிந்தது. ஆர்வமுள்ளவர்களே அதிகம் பயிற்சி செய்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முந்தைய சோதனையோடு சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன.

இஸ்ரேலியக் கணிதக் கல்வியாளர் அன்னா ஸ்ஃபார்ட் 1998இல் கற்றலுக்கான உருவகங்களை இரண்டாகப் பிரித்தார். கற்றல் என்பது எதையோ பெற்றுச் சேர்த்துவைப்பது என்பது ‘பெறுதல்’ உருவகம். ஒரு கூட்டத்தின் வேலையில் கைகோத்துப் பழகுவது என்பது ‘பங்கேற்பு’ உருவகம். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து என்று அவர் எச்சரித்தார். கேரளத்தில் இரண்டாவது உருவகத்துக்கும் வேர் உண்டு. 2001 ஜூலை 20 அன்று, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. மென்பொருளைச் சமையல் குறிப்போடு ஒப்பிடுவது அவர் வழக்கம்: பக்கத்து வீட்டுக்குத் தரலாம், உப்பைக் குறைக்கலாம், மாற்றி எழுதியதை மறுபடி பகிரலாம். கேரளப் பள்ளிகள் பின்னர் லினக்ஸ் சார்ந்த கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அசைபடம் செய்யவும், நிரல் எழுதவும், வன்பொருளைக் கையாளவும் பழகுகிறார்கள். அங்கே பிள்ளை பார்வையாளர் அல்ல, செய்பவர்.

கைப்பேசியைப் பற்றியும் இப்படி இரண்டு உருவகங்களின் மோதல் நடந்து, அது தீர்ப்பாகவே வந்திருக்கிறது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை ஆறு முதல் பத்து வரை மாணவியர் கைப்பேசி பயன்படுத்தத் தடை இருந்தது. படிப்பைக் கெடுக்கும் பொழுதுபோக்குப் பொருளாகவே விடுதி அதைக் கண்டது. மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவி நீதிமன்றம் சென்றார். நூல்களையும் பாடங்களையும் எட்டும் வழியாக அதைக் கண்டவர் அவர். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. ஒன்பது மாதத்தில் அதே கருவி லட்சக்கணக்கான பிள்ளைகளின் வகுப்பறை ஆனது.

கருவி வீட்டுக்கு வந்த பிறகும், பார்த்தது தங்கியதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. திரையில் பாடம் பார்க்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், எத்தனை காணொளி முடித்தாய் என்று கேட்க வேண்டாம். திரையை அணைத்துவிட்டு, இப்போது பார்த்ததை எனக்குச் சொல்லிக்கொடு என்று கேளுங்கள். நடுவில் தடுமாறினால் உடனே காணொளியைத் திறந்துவிடாதீர்கள், ஒரு நிமிடம் யோசிக்க விடுங்கள். ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி கேளுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை, இணையமும் தேவையில்லை.